கல்லுக்கு வடக்கே

ரசூல் பி.ஏ. புவியியல் படித்தவன். சேலத்தில் விடுதிச் சாம்பார் குடித்து மூன்று வருஷம் படித்ததில், பெரிங் நீரிணையின் அகலம் என்ன, எந்தப் பாலைவனத்தில் எந்த மாதம் எந்தப் பக்கமாகக் காற்றடிக்கும் என்பதெல்லாம் மனப்பாடம். ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, தன் வீடு எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வதுகூட மரியாதைக்காகத்தான். தெரிந்துதான் இருந்தது. தெரிந்தது பிடிக்கவில்லை.

ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் கிளார்க் வேலை. இன்டர்வியூ முடிந்து பட்டியலில் பெயரும் வந்துவிட்டது. மிச்சமிருந்தது ஒரே ஒரு காகிதம். இவன் தமிழ்நாட்டில் குடியிருப்பவன் என்று ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதாவது ஆர்.ஐ., கையெழுத்துப் போட்ட இருப்பிடச் சான்று. இன்று மாலை நாலு மணிக்குள் அது கம்பெனி ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டும். நாலு மணி ஒரு நிமிஷம் ஆனால் வேலை பட்டியலில் அடுத்தவனுக்கு. அந்த அடுத்தவன் காலையிலேயே வந்து கம்பெனி கேட்டுக்கு எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பான் என்பது ரசூலின் கணிப்பு. அவன் இடத்தில் தான் இருந்தால் அப்படித்தான் செய்திருப்பான்.

ஆர்.ஐ. சின்னராஜ் மதுரைப் பக்கத்துக்காரர். நேற்று தாலுகா ஆபீசில் ஃபைலைப் பிரித்துவிட்டு இவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏய்யா, ஒங்க வீடு எல்லைக் கல்லுக்கு அங்கிட்டு இருக்குன்னு போலீஸ் ரிப்போர்ட் இருக்கே. அங்கிட்டுன்னா கர்நாடகாவுல்ல?"

"இல்ல சார், நாங்க இங்கதான்..."

"இங்கதான்னா எங்க? நாளைக்குப் பதினோரு மணிக்கு நானே வர்றேன். கல்லக் கண்ணால பாக்கணும். வீடு கல்லுக்கு இங்கிட்டு இருந்தா அங்கனயே கையெழுத்து. அங்கிட்டு இருந்தா பெங்களூர்ப் பக்கம் வேலை தேடிக்க."

அந்தக் கல்லை நகர்த்தி வைத்ததே ரசூல்தான்.

அவன் ஊருக்கு எல்லைக்கொட்டாய் என்று பெயர். ஓசூரிலிருந்து வடக்கே போகும் ஒரு தார்ச்சாலையை விட்டு இறங்கி, கேழ்வரகுக் கொல்லைகளுக்கு நடுவே போனால் முப்பது வீடு. ஊருக்கு வடகோடியில் ஒரு கல். கல்லுக்குத் தெற்கே தமிழ்நாடு, வடக்கே கர்நாடகா. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. தண்ணீர் பள்ளத்தில் ஓடும் என்பதைப்போல எல்லோருக்கும் தெரியும். கல்லுக்கு வடக்கே வெறும் முள்ளுக்காடு. காலையில் சொம்போடு கிளம்புகிறவனை எங்கே என்று கேட்டால் "சும்மா, கர்நாடகா வரைக்கும்" என்பான். ஆடுகள் தினமும் மாநிலம் விட்டு மாநிலம் போய் மேய்ந்துவிட்டுச் சாயங்காலம் திரும்பி வரும்.

எல்லையில் நிற்கிற கல் என்பதால் அதற்கு மஞ்சள் பூசினார்கள். மஞ்சள் பூசியதால் கல்லம்மா ஆனது. கல்லம்மா ஆனதால் பூசாரி வந்தார். திம்மராயன். அவர் மனைவி வெங்கடம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெயும் மஞ்சளும் பூசிப் பூசி, கல்லின் மேல் ஒரு விரல் கனத்துக்கு அப்பிப் போயிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மே மாதப் பண்டிகையில்தான் வினை. கல் நின்ற இடத்தில் ஒரு பொட்டு நிழல் கிடையாது. பொங்கல் வைத்த பெண்களில் இரண்டு பேர் வெயிலில் சுருண்டு விழுந்தார்கள். சாமியை மரத்தடிக்குக் கொண்டுபோகலாம் என்று ஊர் பேசியபோது, எந்த மரம், எந்தப் பக்கம் என்று சண்டை. அப்போது திம்மராயன்தான் சொன்னார்: "படிச்ச பையன் ஒருத்தன் லீவுல வந்து கெடக்கறானே. அவனைக் கேளுங்கப்பா."

ரசூல் கம்பீரமாக வந்து நின்றான். மே மாதத்தில் உச்சிவேளைச் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடும் என்றும், ஆகவே நிழல் மரத்துக்குத் தெற்கே விழும் என்றும் விளக்கினான். ஊரே வாயைப் பிளந்தது. புங்கமரத்தின் தெற்குப் பக்கம் ஒரு குச்சியை நட்டு, "இங்க வைங்க" என்றான். சம்மதமா என்று கல்லம்மாவிடம் பூ வைத்துக் கேட்டார்கள்; ஒரு நிமிஷத்தில் வலப்பூ விழுந்தது. ரசூலின் அத்தா சாந்த் பாஷா தன் பஞ்சர் கடையிலிருந்து கடப்பாரை கொண்டுவந்து நெம்ப, ஆறு பேர் தூக்க, மேளம் அடிக்க, கல்லம்மா பழைய இடத்திலிருந்து அறுபத்திரண்டு எட்டு தெற்கே வந்து நிழலில் உட்கார்ந்தாள். மூன்று வருஷப் படிப்பில் ரசூல் உலகத்துக்குச் செய்த ஒரே உபகாரம் அது.

அந்த அறுபத்திரண்டு எட்டுக்கு நடுவே இரண்டு வீடுகள் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒன்று ரசூலின் வீடு. இன்னொன்று நாராயணப்பனின் குடிசை.

நாராயணப்பன் மட்டும் கவனித்தான். தமிழ்நாட்டில் சாராயக்கடைகளை மூடிய வருஷம் அது. அடுத்த மாதமே அவன் குடிசையில் கர்நாடகா சாராயப் பாக்கெட் விற்பனை தொடங்கியது. மதுவிலக்குப் போலீஸ் வந்தபோது அவன் ஓடவில்லை. கல்லைக் கை காட்டினான். "சார், நீங்க நிக்கறது கர்நாடகா. உங்க தொப்பி இங்க செல்லாது." வந்தவர்கள் கல்லைப் பார்த்தார்கள், மஞ்சளைப் பார்த்தார்கள், கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போய் ரிப்போர்ட் எழுதினார்கள்: கல்லுக்கு வடக்கே உள்ள இரண்டு வீடுகளும் பக்கத்து மாநிலத்தைச் சேர்ந்தவை.

அந்த ரிப்போர்ட்டைத்தான் ஆர்.ஐ. கையில் வைத்திருந்தார்.

ஆகவே பத்து மணிக்குப் புங்கமரத்தடியில் ஊர் கூடியிருந்தது. கல்லைத் தூக்கிப் பழைய இடத்தில் வைக்க அரை மணி நேரம் போதும். சாந்த் பாஷா கடப்பாரையோடு தயாராக நின்றார். தடுத்தது திம்மராயன்.

"பாய், இரு. கேக்காம கை வச்சா கண்ணு அவிஞ்சி போயிடும். மொதல்ல பூ கேக்கணும்."

"சீக்கிரம் கேளுங்க மாமா. ஆர்.ஐ. கெளம்பியிருப்பாரு" என்றான் ரசூல்.

"அவசரப்பட்டா ஆத்தா கோவிச்சிக்குவா."

நாராயணப்பன் பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு முன்னால் வந்தான். "நல்லா கேளுங்க. ஆனா ஞாயமா கேளுங்க. ஆத்தா இங்கயே இருக்கறேன்னு சொல்லிட்டா, அப்பறம் எவனும் வாயத் தொறக்கக் கூடாது."

"ஆத்தாவுக்கு ஒன் பாக்கெட் மேல என்னா அவ்ளோ ஆச?" என்றாள் வெங்கடம்மா.

"நீ சும்மா இரு அக்கா. வேலை இல்லன்னா இவன் புக்கு படிச்சிட்டு இருப்பான். கல்லு போச்சின்னா நான் ஜெயிலுக்குப் போவணும்."

வெங்கடம்மா கல்லின் மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். திம்மராயன் இரண்டு வெள்ளை அரளிப் பூக்களை நனைத்துக் கல்லின் வலது தோளில் ஒன்று, இடது தோளில் ஒன்று ஒட்டிவைத்தார். வலப்பூ விழுந்தால் சம்மதம். இடப்பூ விழுந்தால் மறுப்பு. இரண்டும் விழாவிட்டால் விழும்வரை நிற்க வேண்டும். கேட்டுவிட்டு எழுந்து போகிற வழக்கம் இல்லை.

பத்தேகால். இரண்டு பூவும் ஒட்டியது ஒட்டியபடி இருந்தன.

பத்தரை. வலப்பூவுக்கு எதிரே ரசூல் நின்றான். இடப்பூவுக்கு எதிரே நாராயணப்பன் நின்றான். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஒருவன் மூச்சு விட்டால் இன்னொருவன் அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தான்.

"டேய், ஊதாதே" என்றான் நாராயணப்பன்.

"ஊதல அண்ணா. மூச்சு."

"மூச்ச அந்தப் பக்கம் திருப்பி வுடு."

பத்தே முக்கால். ஓர் எறும்பு வலப்பூவின் மேல் ஏறி, காம்பு வரை வந்து, யோசித்து, இறங்கிப் போனது. போன தடவை ஒரு நிமிஷத்தில் விழுந்ததே, இப்போது மட்டும் ஏன் என்று ரசூல் நினைத்தான். நினைத்த மாத்திரத்தில் விடை கிடைத்தது, கிடைக்காமலே இருந்திருக்கலாம். போன தடவை கல் வெயிலில் இருந்தது. ஈரம் காய்ந்தது, பூ விழுந்தது. இப்போது கல் நிழலில் இருக்கிறது. குளுகுளுவென்று இருக்கிறது. சாயங்காலம் வரைக்கும் ஈரம் காயாது. நிழல் எங்கே விழும் என்று குச்சி நட்டுக் காட்டியவன் வேறு யாரும் இல்லை.

"மாமா, இன்னிக்கி விழாது. கையாலயே எடுத்துடுங்க."

"எடுத்தா அது பதில் இல்லடா. அது உன் இஷ்டம்."

"மணி பதினொண்ணு ஆவப்போவுது!"

"அவளுக்குக் கடிகாரம் கெடையாது."

சாந்த் பாஷா கடப்பாரையைக் கை மாற்றிக்கொண்டார். வியர்வையில் அது வழுக்கியது. மகன் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "டேய், நான் தூக்கிடறேன். கண்ணு போனா போவட்டும்."

"வேணாம் அத்தா. தூக்கறதுக்கு ஆறு பேர் வேணும். ஆறு பேருக்கும் கண்ணு வேணும்."

பதினொன்று பத்துக்குத் தார்ச்சாலைப் பக்கமிருந்து ராஜ்தூத் மோட்டார் சைக்கிளின் சத்தம் கேட்டது. கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை. சத்தம் கொல்லைமேட்டில் ஏறி, குழியில் இறங்கி, நேரே புங்கமரத்தடிக்கு வந்தது. ஆர்.ஐ. வண்டியைக் கல்லுக்கு நாலு முழம் தள்ளி நிறுத்தி, அணைப்பதற்கு முன்னால் ஒரு முறை முறுக்கினார். தரை அதிர்ந்தது. கல் அதிர்ந்தது.

வலப்பூ விழுந்தது.

"ஆத்தா!" என்று ஊரே கத்தியது. வெங்கடம்மா குலவை போட்டாள். ஆர்.ஐ. தனக்குத்தான் வரவேற்பு என்று நினைத்து லேசாகக் கை கூப்பினார். கல்லை நகர்த்தக் கல்லம்மா சம்மதித்துவிட்டாள். பார்க்கக் கூடாதவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னராஜ் பையிலிருந்து ஃபைலை எடுத்தார். "இதானாய்யா அந்தக் கல்லு?"

"இதேதான் சார்" என்று பாய்ந்து வந்தான் நாராயணப்பன். "எங்க தாத்தன் காலத்துலேர்ந்து இங்கயேதான். ஒரு எட்டு நவுந்ததில்ல."

"இந்தப் பையன் வீடு எது?"

நாராயணப்பன் கை நீட்டினான். கல்லுக்கு வடக்கே இருபது எட்டில், பச்சைக் கதவு வைத்த ஓட்டு வீடு. குழந்தைக்குக்கூடச் சந்தேகம் வராத அளவுக்கு அங்கிட்டு.

ஆர்.ஐ. பேனா மூடியைக் கழற்றினார். ரசூல் பேனா முனையையே பார்த்தான். சும்மா இருந்தால் வேலை போகும். வாயைத் திறந்தால், எல்லைக் கல்லை நகர்த்திய வழக்கு. கடப்பாரை அத்தா கையில் இருக்கிறது, இந்த நிமிஷமும். பேனா காகிதத்தில் 'க' என்று ஆரம்பித்தது.

"சார், எழுதாதீங்க" என்றான். "கல்லு இங்க இருந்ததில்ல. அதோ அங்க இருந்துச்சி. ரெண்டு வருசம் முன்னாடி தூக்கி வச்சோம். இடம் சொன்னது நான். குச்சி நட்டதும் நான். வேற யாரும் இல்ல."

பேனா நின்றது. "எல்லைக் கல்லையா தூக்குனீங்க? எதுக்குய்யா?"

"நெழலுக்கு சார்."

"நெழலுக்கு ஸ்டேட் எல்லைய மாத்துனீகளா?"

"அவன் சின்னப் பையன் சார், குச்சி மட்டும்தான் நட்டான்" என்று சாந்த் பாஷா முன்னால் வந்தார். "கடப்பாரை என்னுது."

"கடப்பாரை என்னா பண்ணும்? தூக்குனது நாங்க ஆறு பேரு" என்றார் திம்மராயன். "தலைமாடு நான்தான் புடிச்சேன்."

"நீ எங்க புடிச்சே? இடுப்பு வலின்னு பாதியிலயே வுட்டுட்டே" என்றாள் வெங்கடம்மா. "கடைசி வரைக்கும் பின்னாடி தாங்குனது நானு சார். எழுதிக்கோங்க."

குற்றவாளிகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தார்கள். மேளம் அடித்தவன்கூடக் கை தூக்கினான். ஆர்.ஐ. ஃபைலை மூடி வண்டி சீட்டில் வைத்தார். அவர் முகத்தில் கோபம் வரப்போகிறதா, வேறு ஏதாவது வரப்போகிறதா என்று தெரியாமல் ரசூல் அத்தாவுக்கு முன்னால் போய் நின்றான்.

"சரி. எல்லைக் கல்லுன்னா நம்பர் வெட்டியிருக்கும். இதுக்கு நம்பர் என்ன?"

"ஏதோ எழுத்து இருக்குது சார்" என்றாள் வெங்கடம்மா. "மஞ்சள் பூசறப்ப ரொம்ப நாளைக்கு முன்னாடி கையில தட்டுப்படும். ஆத்தா பேருன்னு நெனச்சிக்கிட்டேன்."

"சொரண்டுங்க."

எல்லோரும் திம்மராயனைப் பார்த்தார்கள். திம்மராயன் இடது தோளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த பூவைப் பார்த்தார். இன்னொரு தடவை பூ கேட்கச் சொல்வாரோ என்று ரசூல் பயந்தான்.

"சுடுதண்ணி கொண்டா" என்றார் அவர் மனைவியிடம். "அபிசேகம்னு வச்சிக்கலாம்."

தண்ணீர் காய அரை மணி ஆனது. வெங்கடம்மா கொதிக்கக் கொதிக்க ஊற்றித் தேங்காய் ஓட்டால் சுரண்டினாள். மஞ்சள் பாளம் பாளமாக விழுந்தது. அதற்குக் கீழே எண்ணெய்க் கரி. அதற்குக் கீழே குங்குமம். பன்னிரண்டே முக்காலுக்கு முதல் எழுத்து தெரிந்தது. ரசூல் மண்டியிட்டு விரலால் துடைத்தான்.

ஓசூர்.

அதற்குக் கீழே: 9.

சின்னராஜ் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தார்.

"இது மைல் கல்லுய்யா."

"அப்படின்னா?" என்றார் திம்மராயன்.

"ஓசூருக்கு ஒம்பது மைலுன்னு அர்த்தம். மைல் போயி கிலோமீட்டர் வந்தப்ப ரோட்டுல இருந்த பழைய கல்லையெல்லாம் புடுங்கிப் போட்டாங்க. எவனோ துணி தொவைக்கத் தூக்கியாந்து இங்கிட்டுப் போட்டுட்டுப் போயிருக்கான். நீங்க அதுக்கு அங்கிட்டு ஒரு ஸ்டேட்டு, இங்கிட்டு ஒரு ஸ்டேட்டு வச்சுக் குடும்பம் நடத்தியிருக்கீக."

"அப்ப எல்லை?" என்று கேட்டான் ரசூல். "எல்லை எங்க சார்?"

ஆர்.ஐ. பையிலிருந்து கிராம வரைபடத்தை எடுத்து விரித்தார். அதில் எல்லைக்கொட்டாய் என்ற பெயரே இல்லை. சில கொல்லைகள், ஒரு வண்டிப்பாதை, வடக்கே வளைந்து வளைந்து ஓர் ஓடை, ஓடைமேல் புள்ளியும் கோடுமாக எல்லை. வடக்கே நடந்தார்கள். ஊரே பின்னால் வந்தது. சொம்போடு போகும் இடம் தாண்டி, ஆடு மேயும் இடம் தாண்டி, கால் மைல் முள்ளுக்காட்டில் நடந்தபின் காய்ந்த ஓடை. ஓடைக்கரையில் முள் மூடி ஒரு சின்னக் கல். மஞ்சள் இல்லை, பூ இல்லை, ஒரு நாய்கூட அதை மதித்ததாகத் தெரியவில்லை. அதில் நம்பர் இருந்தது.

ரசூல் ஓடையைப் பார்த்தான். சின்ன வயதிலிருந்து தினமும் கர்நாடகாவுக்குப் போய் வந்ததாக நினைத்திருந்தான். இதுவரை ஒரு நாளும் மாநிலத்தை விட்டு வெளியே போனதில்லை.

திரும்பி வரும்போது நாராயணப்பனைக் காணவில்லை. அவன் குடிசைப் பின்பக்கம் சாக்கு இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. ஆர்.ஐ. அந்தப் பக்கம் காதைத் திருப்பாமல் ராஜ்தூத் சீட்டில் சான்றை வைத்து எழுத உட்கார்ந்தார். மணி ஒன்று ஐம்பது.

"வீட்டுக்கு நான்கெல்லை சொல்லு. கெழக்க?"

"திம்மராயன் மாமா புளியமரம்."

"மேக்க?"

"வண்டிப்பாத."

"வடக்க?"

"நாராயணப்பன் அண்ணா குடிசை." சாக்குச் சத்தத்தைக் கேட்டுவிட்டுச் சேர்த்துச் சொன்னான்: "இப்போதைக்கு."

"தெக்க?"

"கல்லு சார்."

சின்னராஜ் பேனாவை நிறுத்தினார். "இந்தக் கல்லு இனிமேலாச்சும் இங்கயே இருக்குமாய்யா?"

ரசூல் பதில் சொல்வதற்குள் திம்மராயன் முந்திக்கொண்டார். "எப்படி சார் இருக்கும்? ஆத்தா பூ குடுத்துட்டாளே. தூக்கித்தான் ஆவணும்."

"அது மைல் கல்லுன்னு இப்பத்தான பாத்தீரு?"

"பாத்தேன் சார். ஒம்பது மைல் நடந்து வந்திருக்கறா. சும்மாவா?"

"மைல் கல்லு ஹைவேஸ்காரன் சொத்து. நான் ரெவின்யூ. எனக்குச் சம்பந்தமில்ல" என்று சொல்லி, ஆர்.ஐ. எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டு, சீலை ஊதி ஊதிக் குத்தினார்.

இரண்டு பத்துக்கு ரசூல் சைக்கிளை எடுத்தான். பின்னால் கடப்பாரை கல்லில் மோதும் சத்தமும், தலைமாடு யார் பிடிப்பது என்ற சண்டையும் கேட்டன. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. தார்ச்சாலையில் எதிர்க்காற்று. அது எந்த மாதக் காற்று, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். தெரிந்து ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லையும் முறைத்துப் பார்த்துக்கொண்டே மிதித்தான். சிப்காட் திருப்பத்தில் செயின் கழன்றது. கரிக் கையோடு மாட்டி, சான்றில் கரி படாமல் அதைப் பல்லால் கவ்விக்கொண்டு மிதித்தான்.

கேட்டுக்கு எதிர் டீக்கடை பெஞ்சில், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு ஒருவன் மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரசூல் அவன் கண்ணைப் பார்க்காமல் உள்ளே போனான்.

மூன்று ஐம்பத்திரண்டு. ஆபீசர் காகிதத்தின் ஓரத்தில் பல் பதிந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு படித்தார். நான்கெல்லைக்கு வந்ததும் நெற்றி சுருங்கியது.

"தெற்கே: தற்போது ஒரு கல்." அவர் தலை தூக்கினார். "தற்போதுன்னா என்னப்பா?"

ரசூல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். முள் நகர்ந்துகொண்டிருந்தது.

"எழுதறப்ப தெக்க இருந்துச்சி சார்" என்றான். "இந்நேரம் வடக்க போயிருக்கும்."

ஆபீசர் காகிதத்தைக் கீழே வைத்தார். பிறகு 'பெறப்பட்டது' முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார்.